அறையைத் தாங்கும் மேடு

பிரான்சின் வடமேற்கே, பிரித்தானிப் பகுதியில், மோர்லே விரிகுடாவைப் பார்த்தபடி கிடக்கிறது பார்னெனெஸ் கற்குவை. நீளம் 72 மீட்டர். இதன் முதற்பகுதி கி.மு. 4500 அளவில் எழுந்தது. எகிப்தின் பெரிய பிரமிடைவிட ஏறத்தாழ 2,000 ஆண்டு மூத்தது. கட்டியவர்கள் புதிய கற்கால உழவர்கள். தீட்டிய கற்கோடரியே அவர்களுடைய கருவி. தமிழகத்தின் பெருங்கற்காலச் சின்னங்கள் பெரும்பாலும் இரும்புக் காலத்தவை என்பதால், இவ்விரண்டையும் ஒரே மரபின் கிளைகளாகக் கொள்வது பொருந்தாது.

குவைக்குள் 11 ஈம அறைகள் உள்ளன. கிழக்கே டோலரைட் கல்லால் எழுப்பிய பழைய பகுதியில் ஐந்து; பின்னர் மேற்கே கிரானைட் மிகுதியாகச் சேர்த்துக் கட்டிய பகுதியில் ஆறு. ஒவ்வோர் அறைக்கும் தென்புறத்திலிருந்து குறுகலான நடைவழி தனியே செல்கிறது. மண்ணின் அமிலத்தன்மை எலும்புகளை அரித்துவிட்டது. மட்கல ஓடுகளும் கல் அம்புமுனைகளும் கோடரிகளும் அகழாய்வாளர் கைக்குக் கிடைத்தன.

இந்த அறைகள் பலவற்றின் கூரை அமைந்த விதத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். சுண்ணமோ சாந்தோ கிடையாது. வட்டமாக அடுக்கிய தட்டைக் கற்கள், வரிசைக்கு வரிசை சிறிது உள்நோக்கி நீண்டு, உச்சியில் நெருங்கி ஒடுங்குகின்றன. உள்ளே நீண்ட முனை கவிழாதிருக்க வேண்டுமானால், கல்லின் பின்முனையில் பாரம் வேண்டும். அந்தப் பாரத்தைத் தருவது சுற்றிலும் குவித்த கற்கள்தாம். ஆகவே மேடும் அறையும் ஒருசேர வளர்ந்த ஒரே கட்டடம். அறையைக் கட்டி முடித்தபின் அதை மூடக் கொட்டிய கல் என்று மேட்டைக் கருதுவது பெரும் பிழை.

அந்தப் பிழைக்குப் பார்னெனெஸும் பலியாக இருந்தது. 1950களின் நடுவில் ஒப்பந்தக்காரர் ஒருவர் சாலைக்குக் கல் எடுக்க இதை வெட்டத் தொடங்கினார். அருகிலிருந்த சிறு குவை ஏற்கெனவே அழிந்துபோயிருந்தது. பெரிய குவையில் சில அறைகள் வெட்டுண்டு வெளிப்பட்ட பிறகே வேலை நின்றது. தொல்லியலாளர் பியேர்-ரோலான் ழியோ 1955 முதல் 1968 வரை அங்கே அகழ்ந்து சீரமைத்தார். வடபுறத்தில் அந்த வெட்டுமுகம் இன்றும் அப்படியே இருக்கிறது. அறைகள் குறுக்குவெட்டாகத் தெரிகின்றன. அழிவு விட்டுச்சென்ற இடத்தை மறைத்துப் புதுக்காமல் காட்டியது நேர்மையான முடிவு என்றே எண்ணுகிறேன்.

பிற இடங்களில் இவ்வளவு நல்லூழ் வாய்க்கவில்லை. வேலி கட்டவும் வீடு கட்டவும் மேட்டுக் கல்லை அள்ளிச் சென்றபின், நகர்த்த முடியாத பெருங்கற்கள் மட்டும் வெளியில் நின்றன. பிரித்தானியின் வயல்களிலும் புதர்நிலங்களிலும் நாம் காணும் கல்திட்டைகள் பல, இப்படி மேடிழந்த அறைகளே. அடுக்குக் கற்கூரை கொண்டவையோ மேடு போனதும் சரிந்து தடமழிந்தன. எஞ்சியதை மட்டும் பார்ப்பவருக்கு அக்கால மக்கள் பெருங்கல் தூக்குவதில் மட்டுமே வல்லவர்களாகத் தோன்றுவார்கள். சிறு கல்லை அடுக்குவதில் அவர்கள் அடைந்திருந்த தேர்ச்சி கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

தெற்கே மோர்பிகான் வளைகுடாவிலுள்ள கவ்ரினிஸ் தீவு இன்னொரு பாடம் தருகிறது. அங்குள்ள ஈமக்குவையின் நடைவழியிலும் அறையிலும் நிற்கும் 29 கற்களில் 23 கற்களில் வளைகோடுகளும் கோடரி உருவங்களும் செறிந்திருக்கின்றன. அறிஞர் உலகம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அவற்றைப் பார்த்து வியந்தது. ஆனால் அறையின் கூரைக்கல்லுக்கு மேற்புறமும் ஒரு செதுக்கல் இருப்பது 1980களில்தான் தெரியவந்தது. ஷார்ல்-தாங்கி லெ ரூ மேட்டை ஆராய்ந்தபோது, நீண்ட கொம்புடைய விலங்கின் ஒரு பகுதி அங்கே வெளிப்பட்டது. மீதிப் பகுதி சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில், லொக்மரியாகேரில் உள்ள தாப்ல் தே மர்ஷான் என்னும் ஈமச்சின்னத்தின் கூரைக்கல்லில் இருக்கிறது. முன்பு நெடிது நின்ற ஒரே நடுகல்லை உடைத்து, இரண்டு இடங்களுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். தம் முன்னோர் நிறுத்திய கல்லை வீழ்த்தி, அதன் உருவத்தை மேட்டுக்குள் புதைத்த அந்தத் தலைமுறையின் மனமாற்றம் எத்தகையது? பிரித்தானித் தொல்லியலின் மிகப்பெரிய கேள்வி இதுவே என்பது என் கருத்து.

தாப்ல் தே மர்ஷான் நெடுங்காலம் மேடின்றி, கற்கால்கள்மேல் பலகை கிடத்திய மேசைபோல நின்றது. பழைய அஞ்சலட்டைகளில் அந்தத் தோற்றம்தான் புகழ்பெற்றது. இப்போது அதன்மேல் கற்குவையை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். பார்வையாளர் நடைவழியில் நுழைந்துதான் அறைக்குச் செல்ல முடியும்.