எல்லை தாண்டும் மோசடி: பணமும் பறிபோகிறது, பிள்ளைகளும் பறிபோகிறார்கள்

திருடன் என்றால் பூட்டை உடைத்து வீட்டுக்குள் வருபவன் என்றே நாம் அறிந்திருந்தோம். இன்று நம் சேமிப்பைச் சுருட்டுபவன் நம் ஊருக்கே வருவதில்லை. வேறொரு நாட்டில் இருந்துகொண்டு, காவல்துறை அதிகாரி என்றும் பங்குச்சந்தை ஆலோசகர் என்றும் வாட்ஸ்அப்பில் பேசுகிறான். அப்படிப் பேசுபவர்களில் பலர், வேலை தேடிப் போய்ச் சிக்கிக்கொண்ட இளைஞர்கள் என்பதுதான் பெரும் வேதனை.

தாய்லாந்தின் மேசோட் நகருக்கு எதிரே, மோய் ஆற்றின் மறுகரையில் உள்ளது மியான்மரின் மியாவாடி. அங்கே கேகே பார்க் போன்ற மோசடி வளாகங்கள் உருவாயின. 'தாய்லாந்தில் கணினி வேலை' என்று ஆசை காட்டி பாங்காக்கில் இறக்குகிறார்கள். அங்கிருந்து எல்லைக்குக் கொண்டுபோய் ஆற்றைக் கடத்துகிறார்கள். பாஸ்போர்ட் பறிக்கப்படுகிறது, மோசடி செய்ய மறுத்தால் சித்திரவதை. தமிழக இளைஞர்களும் இதில் சிக்கி மீண்டுள்ளனர். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இவ்வாறு சிக்கியிருக்கலாம் என 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூறியது.

ஏமாந்தவர் ஒரு நாட்டில், ஏமாற்றியவர் வேறொரு நாட்டில், பணம் மூன்றாவது நாட்டில். ஒரு நாட்டின் காவல்துறை மற்றொரு நாட்டில் புகுந்து கைது செய்ய முடியாது. அதனால்தான் எல்லை கடந்த குற்றங்களுக்கு எதிராக 2000இலும், இணையக் குற்றங்களுக்கு எதிராக 2024 டிசம்பரிலும் ஐ.நா. உடன்படிக்கைகளை ஏற்றது. 2025 பிப்ரவரியில் தாய்லாந்து, மியாவாடி உள்ளிட்ட எல்லைப் பகுதிகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தது. அதையடுத்து ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தனர். மார்ச் மாதம் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் அழைத்து வரப்பட்டனர்.

ஆனால் உடன்படிக்கைகளுக்கு ஆண்டுகள் ஆகின்றன. பணம் நிமிடங்களில் கைமாறிவிடுகிறது. ஆகவே தடுப்பு நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைத்தால் அனுப்பாதீர்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை. அப்படி மிரட்டினால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

ஏமாந்ததை வெட்கப்பட்டு மறைப்பது மோசடிக்காரனுக்கே உதவும். அங்கிருந்து மீண்டு வரும் பிள்ளையையும் குற்றவாளியாகப் பார்க்காமல் அரவணைப்போம். அவன் வாய் திறந்து சொன்னால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை தப்பிப்பான்.