ரீட் வால்வு

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கார்புரேட்டருக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவே இருந்து, பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி அடைப்பு ரீட் வால்வு. கூரைபோல் சரிந்த சட்டத்தின் இருபுறமும் மெல்லிய எஃகு அல்லது ஃபைபர் இதழ்கள் பொருத்தப்பட்டிருக்கும். பிஸ்டன் மேலேறும்போது கிராங்க் கேஸில் அழுத்தம் குறைந்து இதழ்கள் திறக்கும். இறங்கும்போது அழுத்தம் கூடி மூடிக்கொள்ளும். இதழ் அளவுக்கு மீறி வளையாதபடி மேலே ஒரு தடுப்புத் தகடு உண்டு. 1970களில் யமஹா இதை மோட்டார் சைக்கிள்களில் பரவலாக்கியது. இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் ராஜ்தூத் 350-இலும், 1985-இல் ஆர்எக்ஸ் 100-இலும் இதைக் கொண்டுவந்தது.

98 சிசி எஞ்சினில் 11 குதிரைத்திறன் தந்த ஆர்எக்ஸ் 100-இன் இழுவைக்கு சைலன்ஸரைக் காரணம் சொல்வோர் பலர். சைலன்ஸருக்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லா வேகத்திலும் சீராக இழுப்பதன் ரகசியம் காற்று நுழையும் பக்கத்தில்தான் இருக்கிறது. ராஜ்தூத் 175, யெஸ்டி போன்ற பழைய வண்டிகளில் பிஸ்டனின் அடிவிளிம்பே நுழைவழியைத் திறந்து மூடியது. பிஸ்டன் உச்சிக்கு வருமுன் எத்தனை பாகையில் வழி திறக்கிறதோ, உச்சியைத் தாண்டி அத்தனை பாகையில்தான் மூடும். அதனால் மெதுவாக ஓடும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு கார்புரேட்டருக்கே திரும்பும். அதைத் தடுக்க வழி திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் அதிவேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். ரீட் வால்வுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அழுத்தம் மாறும் கணத்தில் தானே மூடிவிடும். நெய்க்காரப்பட்டியிலிருந்து பழனி வழியாகக் கொடைக்கானல் மலையேறும் வண்டிக்கு, கொண்டை ஊசி வளைவில் வேகம் இறங்கிய நேரத்தில் வேண்டியது இந்தக் குணம்தான்.

காற்றின் பாதையிலேயே இதழ் நிற்பது தடைதானே என்பது நியாயமான கேள்வி. தடைதான். பஜாஜ் சேத்தக்கில் சுழலும் கிராங்க்கே நுழைவழியைத் திறந்து மூடும். அங்கே வளைக்கவேண்டிய இதழ் இல்லை. ஆனால் அதன் நேரம் எந்த வேகத்திலும் மாறாது. ரீட்டின் தடையைக் குறைக்க மெல்லிய இதழ் போடலாம் என்றால் அங்கும் எல்லை இருக்கிறது: 7500 ஆர்பிஎம்மில் இதழ் நொடிக்கு 125 முறை திறந்து மூடவேண்டும். மெல்லிய இதழ் அந்த வேகத்தில் படபடத்து, மூடவேண்டிய நேரத்தில் திறந்தே நிற்கும். தடித்த இதழோ குறைந்த வேகத்தில் திறக்கவே தயங்கும். "மெல்லிய ரீட் போட்டால் பவர் கூடும்" என்ற பேச்சு அதனால் பாதி உண்மைதான்.

ரீட் வால்வு இத்தனை நல்லதென்றால் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஏன் மறைந்தன? குறை வெளியேறும் பக்கத்தில் இருந்தது. கலவையைச் சிலிண்டருக்குள் விடும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டும் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் போர்ட்டும் சேர்ந்து திறந்திருக்கும் வேளையில் எரியாத கலவை கொஞ்சம் புகையோடு போய்விடும். அதைத் தடுக்க ரீட் வால்வால் ஆகாது. 1996-லும் 2000-லும் இறுகிய புகை விதிகளுக்கு முன் இந்த எஞ்சின்கள் பின்வாங்கின. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-இல் நின்றது.

இன்றும் அந்த வண்டி வைத்திருப்பவர்கள், ஐட்லிங் நிலையில்லாமல் போனாலோ ஏர் ஃபில்டரில் பெட்ரோல் நனைந்தாலோ, கார்புரேட்டரில் கைவைக்குமுன் இதழ்கள் பொருத்திய சட்டமான ரீட் பிளாக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இதழின் ஓரம் சிதைந்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்; உடைந்த எஃகுத் துண்டு உள்ளே போனால் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்து பாழாகும்.