எவர்ட்டன் கால்பந்துக் கழகத்தின் புதிய விளையாட்டரங்கம்

இங்கிலாந்தின் வடமேற்கே, மெர்சி ஆறு கடலை நெருங்கும் இடத்தில், லிவர்ப்பூல் மாநகரின் பிராம்லி-மூர் கப்பல்துறையைத் தூர்த்து, அதன்மேல் எவர்ட்டன் கால்பந்துக் கழகம் நிர்மாணித்துக்கொண்ட அரங்கம் இது. ஏறத்தாழ 52,800 பேருக்கு இடமளிப்பது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முதல் லீக் ஆட்டத்தைக் கண்டது. வர்த்தக உடன்படிக்கையொன்றின் பயனாக ஹில் டிக்கின்சன் என்னும் சட்ட நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்பது. இதனினும் பெரிய அரங்குகள் பல உண்டு. செலவு மிக்கவையும் உண்டு. எனினும், ஒரு புறம் 133 ஆண்டுக் காலம் ஒரே மைதானத்தில் பழகிய மக்களின் சம்பிரதாயங்களும், மறுபுறம் 19-ஆம் நூற்றாண்டுத் துறைமுகப் பொறியியலின் கருங்கற் சுவர்களும் வரைவாளரின் கையை ஒருங்கே பிடித்து நிறுத்த, அவ்விரண்டுக்கும் பங்கமின்றி ஒரு புதுக் கட்டடத்தை எழுப்ப முடியுமா என்ற கேள்வியே இத்திட்டத்தின் உயிர்நிலையாக இருந்தமையால், இது தனித்து ஆராயத்தக்கது.

எவர்ட்டன் கழகம் 1878-இல் ஒரு தேவாலயத்தைச் சார்ந்த இளைஞர்களின் குழுவாகத் தோன்றி, மறு ஆண்டில் இப்பெயரைப் பெற்றது. இன்று லிவர்ப்பூல் கழகத்தின் இல்லமாகப் பிரசித்தி பெற்றிருக்கும் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் 1884 முதல் ஆடிவந்த இக்கழகம், வாடகை முதலிய விஷயங்களில் ஜான் ஹோல்டிங் என்பவருடன் மூண்ட விவாதத்தினால் அதை விட்டு நீங்கி, ஸ்டான்லி பூங்காவின் மறுபுறத்தில் தானே ஒரு மைதானம் அமைத்துக்கொண்டது. அதுவே 1892-இல் திறக்கப்பட்ட குடிசன் பார்க். ஸ்காட்லாந்துப் பொறியாளரான ஆர்ச்சிபால்ட் லீச் அங்கே எழுப்பிய இரண்டடுக்குப் பார்வைமாடங்களும், அவற்றின் மாடி முகப்பில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய எஃகுப் பட்டைகளும் அம்மைதானத்தின் முகமாகவே ஆயின. 1966-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் அரையிறுதி ஆட்டமொன்றும், வட கொரியா மூன்று கோல்கள் முந்திச் சென்ற பின் போர்ச்சுகல் ஐந்து கோல் அடித்து வென்ற ஆட்டமும் நடந்தது இங்கேதான். ஆனால் நாற்புறமும் வீதிகளும், நெருக்கமான வரிசை வீடுகளும், ஒரு மூலையில் தூய லூக்கா தேவாலயமும் சூழ்ந்திருக்க, ஓர் அடியும் விரிய வழியின்றி, சுமார் 39,000 பேருக்கு மேல் கொள்ளாமல், தூண்களுக்குப் பின்னால் அமர்ந்தோர் கழுத்தை வளைத்து ஆட்டம் பார்க்கும் நிலையிலேயே அது முதுமை எய்தியது.

வேறிடம் தேடும் முயற்சிகள் மூன்று முறை முறிந்தன. நகரின் நடுவே ஆற்றங்கரையிலிருந்த கிங்ஸ் துறைக்கு இடம்பெயரும் யோசனை, கழகம் தன் பங்குத் தொகையைத் திரட்ட இயலாமற்போனதால் 2003-இல் கைவிடப்பட்டது. நகர எல்லைக்கு அப்பாலுள்ள கிர்க்பியில் டெஸ்கோ அங்காடி நிறுவனத்துடன் கூடி அமைக்க எண்ணிய அரங்கை 2009-இல் அரசாங்கம் நிராகரித்தது. வால்ட்டன் ஹால் பார்க் திட்டமும் 2016-இல் நின்றது. கிர்க்பித் திட்டம் அபிமானிகளையே இரு பிளவாக்கியது. ஊரை விட்டு வெளியேறும் கழகம் ஊர்ப் பெயருக்கு உரியதாகுமா என்ற அவர்களது கேள்வி வெறும் உணர்ச்சியின்பாற்பட்டது அன்று. இடத்தை மாற்றினும் ஊரை மாற்றலாகாது என்ற நிபந்தனையைப் பின்வந்த திட்டத்துக்கு அதுவே விதித்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட பிராம்லி-மூர் துறை, 1824 முதல் 1860 வரை லிவர்ப்பூல் துறைமுகப் பொறியாளராக விளங்கிய ஜெஸ்ஸி ஹார்ட்லியின் படைப்பு. துறைமுகக் குழுவின் தலைவரான ஜான் பிராம்லி-மூரின் பெயரால் வழங்கும் இது, அருகிலுள்ள வேறு நான்கு துறைகளுடன் 1848-இல் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்களுக்கும் நிலக்கரி ஏற்றுமதிக்கும் நெடுங்காலம் பயன்பட்டது. ஒழுங்கற்ற வடிவுள்ள பெருங் கருங்கற்களைச் சிறு கற்களால் இடைநிரப்பி இழைத்த இதன் மதில், எதிரிகளைத் தடுக்கும் கோட்டை மதிலோ என ஐயுறும்படி ரீஜென்ட் சாலையோரமாக நீள்கிறது. துறையின் உட்சுவர்களும், அந்த மதிலும், 1883-ஆம் ஆண்டைச் சேர்ந்த நீரழுத்த இயந்திரக் கூடமும் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை.

இங்கே அரங்கம் அமைக்கும் கருத்துருவை அமெரிக்கக் கட்டடக் கலைஞர் டான் மெய்ஸ் வகுத்தார். 2019 ஜூலையில் வெளியிடப்பட்ட அவரது வரைபடத்தில், கீழ்ப்பகுதி செங்கல்லால் அமைந்து, பழைய பண்டகசாலைகளுக்கு உறவு கூறுகிறது. மேற்பகுதியோ உலோகத்தாலும் கண்ணாடியாலும் ஆகி, பீப்பாயைப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற வளைகூரையாக எழுகிறது. செங்கல் முகப்பை உற்று நோக்கினால் லீச்சின் குறுக்குப் பின்னல் அதில் மீண்டும் தோன்றுவதைக் காணலாம். பழையதை அப்படியே நகலெடுக்காமல், அறிந்தவர் கண்டு மகிழும் அளவுக்கு மட்டும் நினைவூட்டிய இந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

வெளித்தோற்றத்தினும் உள்ளமைப்பே இவ்வரங்கின் சிறப்பு. குடிசன் பார்க்கில் பார்வையாளன் ஆட்டக்காரனின் மூச்சைக் கேட்கும் தொலைவில் இருந்தான். புதிய அரங்குகள் பலவற்றில் வசதி மிக, அந்த அண்மை தொலைந்துபோவதை அபிமானிகள் அறிந்திருந்தனர். ஆகவே இருக்கை வரிசைகள் விதிகள் அனுமதிக்கும் எல்லை வரை செங்குத்தாக உயர்த்தப்பட்டு, ஆடுகளத்துக்கு இயன்ற அளவு அருகே கொணரப்பட்டன. தெற்கு மாடம், இடையே பிளவோ மேலடுக்கோ இன்றிச் சுமார் 13,000 பேரை ஒரே சரிவில் தாங்குகிறது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் கழகத்து மாபெரும் தென்மாடத்தை முன்மாதிரியாகக் கொண்ட இந்த ஏற்பாட்டினால், முழக்கம் கூரையில் மோதிக் களத்தை நோக்கித் திரும்புகிறது. ஓர் அரங்கின் சிறப்புக்கு உயர்விலை அறைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் இதுவே உறுதியான அளவுகோல் என்பது எமது அபிப்பிராயம்.

ஆனால் துறையைத் தூர்ப்பது எளிதில் ஒப்புக்கொள்ளப்படவில்லை. லிவர்ப்பூலின் கடல்வணிகப் பகுதி 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. துறைமுக அபிவிருத்தித் திட்டங்களால் 2012-இல் ஆபத்துக்குள்ளானதாக அறிவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு இவ்வரங்கத் திட்டத்தை ஆட்சேபித்தது. ஆற்றோரத்தில் உத்தேசிக்கப்பட்ட பல மாடி வாகன நிறுத்தகம் 2020-இல் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டு, மக்கள் அமர்ந்து ஆற்றைக் காணும் படிமேடை அவ்விடத்தில் அமைக்கப்பட்டது. மேற்கில் ஒரு நீர்க்கால்வாய் விடப்பட்டு, அண்டைத் துறைகளின் நீர்த்தொடர்பு அறுபடாமல் காக்கப்பட்டது. பழைய சுவர்கள் இடிக்கப்படாமல் மணலுக்கடியில் அப்படியே இருக்கும் என்றும் உறுதி கூறப்பட்டது. 2021 பிப்ரவரி 23-இல் மாநகரக் குழு ஏகமனதாக அனுமதி வழங்கியது, அரசாங்கமும் குறுக்கிடவில்லை. அவ்வாண்டு ஜூலையில் யுனெஸ்கோ லிவர்ப்பூலைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அவ்வாறு நீக்கப்பட்ட மூன்றாவது இடம் அது.

இத்தீர்ப்பை அற்பமென்று ஒதுக்குதல் நியாயமன்று. ஹார்ட்லியின் துறைகள் தனித்தனிக் குளங்களல்ல. ஒன்றோடொன்று இணைந்து இயங்கிய ஒரே நீர்ப்பரப்பு. அதில் ஒன்று மறைவது முழுமைக்கே ஊனம்தான். இருப்பினும், வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றுபோல் வெறிச்சோடிக் கிடந்த வட துறைமுகப் பகுதியில் வறுமை வேரூன்றியிருந்ததையும், பாதுகாக்கப்பட்ட சுவர்களைப் பார்க்கவும் அங்கே யாரும் செல்லாதிருந்ததையும் எண்ணுமிடத்து, லிவர்ப்பூல் மக்கள் செய்த தெரிவை எம்மால் குறைகூற இயலவில்லை.

2021 ஆகஸ்டில் லெயிங் ஓரூர்க் நிறுவனம் பணியைத் தொடங்கியது. முதலில் துறையிலிருந்த மீன்கள் பிடித்து அகற்றப்பட்டன. பின்னர் ஐரிஷ் கடலின் அடியிலிருந்து தோண்டி வந்த ஏறத்தாழ 4,50,000 கன மீட்டர் மணல், கப்பலிலிருந்து குழாய்வழியே உட்செலுத்தப்பட்டு, நீரைப் படிப்படியாக வெளியேற்றியது. 2023 ஆகஸ்டில் பணியிடத்து விபத்தில் ஓர் இளந்தொழிலாளர் உயிரிழந்தார். 2024 டிசம்பரில் கட்டடம் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பொருளாதார வகையில் இந்நிர்மாணம் கழகத்தை ஏறக்குறைய மூழ்கடித்தது. 50 கோடிப் பவுனாக மதிப்பிடப்பட்ட செலவு 75 கோடியையும் தாண்டியது. அரங்குக்குப் பெயர்சூட்டும் உரிமைக்காக முன்பணம் தந்திருந்த ரஷ்யத் தொடர்புடைய நிறுவனங்களுடனான உறவு 2022-இல் உக்ரைன் போரையொட்டி நிறுத்தப்பட்டது. லீக்கின் நிதி விதிகளை மீறியதற்காக 2023–24 பருவத்தில் கழகம் மொத்தம் 8 புள்ளிகளை இழந்தது. அரங்கக் கடனின் வட்டியை எக்கணக்கில் சேர்ப்பது என்பதும் அவ்வழக்கின் விவாதங்களுள் ஒன்று. ஃபர்ஹாத் மோஷிரியின் உடைமையில் திட்டமிடப்பட்ட அரங்கம், 2024 இறுதியில் ஃப்ரீட்கின் குழுமத்தின் கைக்கு வந்த பின்னரே திறக்கப்பட்டது.

2025 பிப்ரவரி 17-இல், 18 வயதுக்குட்பட்டோர் விகன் அணியுடன் ஆடிய ஆட்டத்தில் 10,000 பேர் அனுமதிக்கப்பட்டது முதற் சோதனை. ஆகஸ்டு 24-இல் பிரைட்டனுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் எவர்ட்டன் 2–0 என வென்றது; அரங்கின் முதல் லீக் கோலை இலிமான் என்டியாயே அடித்தார். மே மாதம் குடிசன் பார்க்கில் ஆடவர் அணியின் இறுதி ஆட்டத்தில் இரு கோல்களையும் அடித்தவர் அவரே. இடிக்கப்படவிருந்த குடிசன் பார்க், முடிவு மாற்றப்பட்டு, கழகத்தின் மகளிர் அணிக்கு உரிய களமாயிற்று.

இவ்வரங்கின் குறை அதன் சுவர்களுக்கு வெளியே உள்ளது. சரக்கு வந்துபோவதற்கென அமைந்த வீதிகள் வழியே, ஆட்டம் முடிந்த கணத்தில் 50,000 பேர் ஒருசேர வெளியேறுகின்றனர். அண்மையிலுள்ள சாண்ட்ஹில்ஸ் ரயில் நிலையமோ சிறியது. வரிசைத் தடுப்புகளும் பேருந்துகளும் இதற்குத் தற்காலிக நிவாரணமே. 2028-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைக்குரிய களங்களுள் ஒன்றாக இவ்வரங்கம் தேர்வு செய்யப்பட்டிருப்பதால், லிவர்ப்பூலின் வழிகளை அறியாத அயல்நாட்டார் ஆயிரக்கணக்கில் அதே வீதிகளில் நடக்கவிருக்கின்றனர்.