மெய்நிகர் நிலத்தில் கொள்ளளவின் வரலாறு

கணினி வலையமைப்பின் வழியே பலர் ஒருங்கே புழங்கும் மெய்நிகர் உலகங்களுள் சிலவற்றில், காணும் பொருள் அனைத்தையும் நிறுவனமே செய்து வைக்கிறது. வேறு சிலவற்றில் குடியிருப்போரே அவற்றைச் செய்துகொள்கின்றனர். முதல் வகையில், ஓர் அறையில் எத்தனை பொருள் இருக்கும் என்பதை வடிவமைப்பாளர் முன்னரே கணக்கிட்டுக் கணினியின் திறனுக்குள் அடக்கிவிட முடியும். இரண்டாம் வகையில் அந்தக் கணக்கு ஒருவர் கையில் இல்லாததால், யார் எவ்வளவு படைக்கலாம் என்பதை விதிகளால் வகுக்க வேண்டியதாயிற்று. அவ்விதிகளின் வரலாறு பெரும்பாலும், அளக்கப்படாத இடத்துக்குச் சுமை நகர்ந்து சென்ற வரலாறே ஆகும்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய லாம்டாமூ, படங்கள் இன்றி எழுத்தால் மட்டுமே ஆன உலகம். அதன் தரவுத்தளம் முழுவதும் சர்வரின் நினைவகத்திலேயே இருந்தமையால், ஒருவர் படைத்துவிட்டு மறந்துபோன அறைகூட மற்றவர்களுக்கு உரிய இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டா விதிக்கப்பட்டது. கூடுதலாக வேண்டியவர், பயனர்களைக் கொண்டே அமைந்த கட்டடக்கலை மறுஆய்வுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. நினைவகப் பற்றாக்குறை என்ற பொறியியல் சிக்கல், எந்தப் படைப்பு இடம்பெறத் தகுந்தது என்று சக பயனர்களே தீர்ப்பளிக்கும் அரசியலாக மாறியது அங்கேதான்.

சான்பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் திறந்த செகண்ட் லைஃப், முதலில் வரியை நாடியது. அங்கே எப்பொருளும் பிரிம் எனப்படும் அடிப்படை வடிவங்களைக் (பெட்டி, உருளை, கோளம் போன்றவற்றை) கோத்தே கட்டப்பட்டது. நிறுத்திவைத்த ஒவ்வொரு பிரிமுக்கும் அவ்வுலகின் நாணயமான லிண்டன் டாலரில் வரி விதிக்கப்பட்டது. சர்வரின் சுமைக்கேற்ற வரி என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், பலரும் பார்க்கும்படி பெரிதாகக் கட்டியவர்களையே அது அதிகம் தாக்கியது. அமெரிக்கச் சின்னங்களைக் கூட்டாகக் கட்டியிருந்த ஒரு குழுவினர், பாஸ்டன் துறைமுகத்தில் 1773இல் வரிக்கு எதிராக எழுந்த தேயிலைக் கிளர்ச்சியை நினைவூட்டும் வகையில் தேயிலைப் பெட்டிகளை எங்கும் அடுக்கிப் போராட, 2003 முடிவதற்குள் வரி கைவிடப்பட்டது.

வரியின் இடத்தை நிலம் பிடித்தது. சிம் என்று பயனர்கள் அழைத்த ஒவ்வொரு வட்டாரமும் 256 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது. அப்போது அதன் கொள்ளளவு 15,000 பிரிமாக இருந்தது. வட்டாரத்தின் பரப்பு 65,536 சதுர மீட்டர் என்பதால், 512 சதுர மீட்டர் மனை வாங்கியவருக்குக் கிடைத்தது 117 பிரிம். ஒரு பிரிம் எந்தப் பக்கமும் 10 மீட்டரைத் தாண்ட முடியாது என்ற விதியும் அன்று இருந்ததால், 20 மீட்டர்ச் சுவருக்கே இரண்டு பிரிம் செலவாகும். நான்கு கால், இருக்கை, சாய்மானம் என நாற்காலிக்கு ஆறு போய்விடும். சிக்கனமாகக் கட்டும் திறமைக்குச் சந்தையில் மதிப்பு கூடியது. "குறைந்த பிரிம்" என்பதே விற்பனையாளரின் விளம்பர வாசகமாயிற்று.

ஆனால் பிரிம் எண்ணிக்கை ஒன்றை மட்டுமே அளந்தது. பொருள்களை இயக்கும் ஸ்கிரிப்டுகள் சர்வரின் நேரத்தை எவ்வளவு உண்டன என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. 2006 நவம்பரில் ஸ்கிரிப்டால் தம்மைத்தாமே பெருக்கிக்கொண்ட பொன்னிற வளையங்கள் வட்டாரம் வட்டாரமாகப் பரவ, நிறுவனம் புதிய நுழைவுகளைத் தற்காலிகமாக நிறுத்தித் துப்புரவு செய்ய நேர்ந்தது. கடலும் காடுமாக வெறுமையாய் வைத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்து மலிவாக விற்ற ஓப்பன்ஸ்பேஸ் வட்டாரங்களில் மக்கள் வீடு கட்டி வாடகைக்கு விட்டதும் இத்தகையதே. 2008 அக்டோபரில் அவற்றின் மாதக் கட்டணம் 75 அமெரிக்க டாலரிலிருந்து 125 டாலராக உயரும் என்ற அறிவிப்பு பெருங்கொந்தளிப்பை உண்டாக்கியது. அதன்பின் குடியிருப்புக்கு உகந்த ஹோம்ஸ்டெட் என்ற வகை பிரிக்கப்பட்டு, 3,750 பிரிமோடு, ஒரே நேரத்தில் 20 பேர் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. எதிர்பார்ப்பை விதியாக எழுதாமல் விலையாக மட்டும் எழுதியது நிறுவனத்தின் பிழை என்றே சொல்ல வேண்டும்.

2011இல் வெளி மென்பொருளில் வடித்த முக்கோண வலைகளை, அதாவது மெஷ் உருவங்களை, ஏற்றும் வசதி வந்தபோது எண்ணிக்கை பொருளற்றுப்போனது. பதிவிறக்கம், இயற்பியல் கணிப்பு, சர்வர்ச் சுமை ஆகிய மூன்றில் எது மிகுதியோ அதையே பொருளின் எடையாகக் கொள்ளும் "லேண்ட் இம்பாக்ட்" முறை நடைமுறைக்கு வந்தது. தொலைவிலிருந்து பார்க்கும்போது காட்டப்படும் எளிய வடிவம் எவ்வளவு மெலிந்ததோ அவ்வளவுக்கு எடை குறையும் என்பதைக் கண்டுகொண்ட கைவினைஞர் சிலர், அந்த வடிவத்தில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லாமல் செய்தனர். அருகில் செதுக்கு வேலைப்பாட்டோடு நின்ற நாற்காலி, பத்தடி விலகியதும் சில்லுச்சில்லாய்ச் சிதறிய முக்கோணங்களாகத் தெரிந்தது. குறையை மறைக்கப் பயனர்கள் தங்கள் கணினியின் துல்லிய அளவை உயர்த்திக்கொள்ள, சர்வர்க் கணக்கில் மிச்சம் பிடித்தது பார்ப்பவரின் கணினிக்குச் சுமையாயிற்று.

நிலத்தின் கணக்கில் என்றுமே சேராதது, அவதாரம் எனப்படும் பயனரின் உருவம் அணிந்திருப்பவை. கூந்தலும் நகையும் அளவின்றி நுணுக்கமாயின; கூட்டம் கூடிய இடங்களில் காட்சி திணறியது. 2016இல் பரவலான தீர்வு, வரம்பைப் பார்ப்பவரிடமே ஒப்படைத்தது: ஒவ்வோர் அவதாரத்தின் சிக்கலும் ஓர் எண்ணாகக் கணிக்கப்பட்டு, பார்ப்பவர் வைத்த அளவைத் தாண்டினால் அது ஒற்றை நிற உருவமாக மட்டுமே அவர் திரையில் தெரியும். ஜெல்லி பொம்மை எனப்படும் அந்த உருவமாகப் பிறருக்குத் தெரியும்போதும், அணிந்தவர் தம் திரையில் தம்மை முழு உருவிலேயே காண்பார். பெருங்கூட்டம் எதிர்பார்க்கப்படும் நிகழ்ச்சிகளின் ஏற்பாட்டாளர்களோ, கனமான அணிகலன்களைக் கழற்றிவிட்டு வருமாறு அழைப்பிலேயே கேட்டுக்கொள்கின்றனர்.