ஸ்பெஷலிஸ்டர்னே: நேர்காணலைக் கைவிட்ட நிறுவனம்

ஸ்பெஷலிஸ்டர்னே, ஆட்டிசம் உள்ளவர்களை மென்பொருள் சோதனை முதலிய பணிகளில் அமர்த்துவதற்காக 2004-இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட நிறுவனம். டேனிய மொழியில் 'வல்லுநர்கள்' என்று பொருள். இதன் நிறுவனர் தோர்கில் சொன்னே தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றியவர். தம் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது தெரிந்தபின், திறமை இருந்தும் வேலை கிடைக்காத பெரியவர்கள் பலரை அவர் அறிந்துகொண்டார். வீட்டை அடகு வைத்து முதல் திரட்டினார்.

வேலைக்குத் தடையாக இருந்தது பெரும்பாலும் வேலையன்று, நேர்காணலே. கண்ணைப் பார்த்துப் பேசுவதும் தன்னைத்தானே புகழ்ந்துகொள்வதும் அங்கே மதிப்பெண் பெற்றன. பிழை கண்டுபிடிக்கும் திறனை யாரும் சோதிக்கவில்லை. எனவே சொன்னே நேர்காணலுக்குப் பதிலாக லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோக்களை உருவாக்கச் சொல்லி, உடனிருந்து கவனித்தார். பணியிடத்திலும் தெளிவான எழுத்துவழி அறிவுரை, அமைதியான இடம் போன்ற எளிய மாற்றங்களே வேண்டியிருந்தன.

2013-இல் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் ஸ்பெஷலிஸ்டர்னேயுடன் இணைந்து இம்முறையை உலக அளவில் ஏற்றது. அதற்கு முன்னோட்டம் நடந்த இடங்களுள் பெங்களூரும் ஒன்று. எனினும் ஆட்டிசம் என்றாலே கணினித் திறன் என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது. அத்திறன் இல்லாதவர்களுக்கு அது உதவவில்லை.

இந்தியாவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை ஒதுக்கீட்டில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப்பணி ஒதுக்கீட்டை 3-இலிருந்து 4 விழுக்காடாக்கி, அந்தக் கூடுதல் 1 விழுக்காட்டில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் முதலியவற்றைச் சேர்த்தது. தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். ஒதுக்கீடு அவற்றைக் கட்டுப்படுத்தாது.