பாத்தியும் பாடப்புத்தகமும்

கூனிமேட்டுப் பிள்ளை பி.பி.ஏ. படிக்கத் தெற்கே புதுச்சேரிக்குப் பேருந்து ஏறலாம். வடக்கே மரக்காணம் போய் அங்கிருந்து திண்டிவனத்துக்கு வண்டி மாறலாம். எங்கே சேர்ந்தாலும் உற்பத்தி மேலாண்மைத் தாளை எழுதித்தான் பட்டம் வாங்க வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் அதற்குச் செயல்பாட்டு மேலாண்மை என்று பெயர். 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) வரம்புக்குள் வந்து, மாதிரிப் பாடத்திட்டமும் வந்துவிட்டது. தாளின் எலும்புக்கூடு மட்டும் பழையதுதான்: ஆலைக்கு இடம் தேர்வது, ஆலையின் தள அமைப்பு, உற்பத்தித் திட்டம், வேலை ஆய்வு, சரக்கிருப்பு, தரக் கட்டுப்பாடு, பராமரிப்பு.

இதே ஏழும் மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மூவாயிரம் ஏக்கருக்கு மேல் வெட்டவெளியில் நடக்கின்றன. உப்பளத்துக்குச் சுவர் இல்லை, கூரை இல்லை. ஆலை முழுவதையும் பேருந்து ஜன்னலில் இருந்தே பார்த்துவிடலாம். பாடப்புத்தகம் உதாரணம் காட்டுவதோ அமெரிக்க எஃகு ஆலையையும் ஜப்பானியக் கார் ஆலையையும். புத்தகத்தையும் உப்பளத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது எங்கே பொருந்துகிறது, எது எங்கே தோற்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. உப்பளத்துக்காரருக்கு எல்லாம் தெரியும், பேராசிரியருக்கு எதுவும் தெரியாது என்ற வழக்கமான புகழ்ச்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு பக்கமும் ஓட்டைகள் உண்டு.

தள அமைப்பில் தொடங்குவோம். வேலை நடக்கும் வரிசையிலேயே இயந்திரங்களை நிறுத்தி, பொருள் ஒரு திசையில் மட்டும் நகரும்படி செய்வதைப் புத்தகம் 'பொருள்வழித் தள அமைப்பு' என்கிறது. உப்பளம் அதற்கு அச்சு அசலான உதாரணம். உப்பங்கழி நீரோ கிணற்று உவர்நீரோ முதலில் பெரிய தேக்கத்துக்கு வருகிறது. அங்கிருந்து பாத்தி பாத்தியாக இறங்கி, போகப் போக அடர்ந்து, கடைசிப் பாத்தியில் உப்பாக உறைகிறது. கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் மூன்று டிகிரிக்குச் சற்று மேல். உப்பு உறையத் தொடங்குவது சுமார் 25 டிகிரியில். அதற்குள் ஆயிரம் லிட்டர் நீர் நூறு லிட்டர் அளவுக்குச் சுண்டிவிடுகிறது. ஆகவே நீர் காயும் பாத்திகளுக்கு ஏராளமான இடம் வேண்டும். உப்பு உறையும் பாத்திகளுக்கு அதில் சிறு பங்கு போதும்.

இந்த விகிதத்தைப் புரிந்துகொண்ட மாணவருக்கு, இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1984-இல் 'தி கோல்' என்ற நாவல் வழியாகச் சொன்ன இடுக்குக் கோட்பாடும் பாதி புரிந்த மாதிரி. ஒரு ஆலையின் மொத்த வேகத்தை அதன் மிகக் குறுகலான கட்டம்தான் தீர்மானிக்கிறது. மற்ற கட்டங்களில் எவ்வளவு வேகம் கூட்டினாலும் பயன் இல்லை என்பது அவர் வாதம். வகுப்பில் இதற்கு ஏதோ ஒரு கடைசல் இயந்திரத்தைக் காட்டுவார்கள். உப்பளத்தில் அந்த இடுக்கு, நீர் காயும் பரப்பும் வெயிலும். வாருபலகை பிடிக்கப் பத்துப் பேரைக் கூடுதலாக இறக்கினாலும் ஒரு மூட்டை உப்பு அதிகம் உறையாது. இதை அளக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த விகிதம் தன் அளத்தில் சரியாக இருக்கிறதா, உறையும் பாத்தி ஒன்றைக் குறைத்துக் காயும் பாத்தியைக் கூட்டினால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கப் புத்தகம் உதவும். இந்த இடத்தில் வகுப்பறைக்கே என் ஓட்டு.

வேலை ஆய்வுப் பாடத்தில் நிலைமை தலைகீழ். ஃபிரடெரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட 'அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்' நூலில், நாளுக்குப் பன்னிரண்டரை டன் வார்ப்பிரும்பு சுமந்தவரை 47 டன்னுக்கு மேல் சுமக்க வைத்த கதை வருகிறது. ஃபிராங்க் கில்பிரெத் செங்கல் அடுக்குவதில் 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்தார். தேர்வில் இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆனால் உப்பளத்தில் வேலையின் வேகத்தை நிர்ணயிப்பவர் மேற்பார்வையாளர் அல்லர். விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் வாரி முடித்துவிட வேண்டும். கீழே உப்பின் வெள்ளை, மேலே சூரியன், இடையில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் ஶ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டி வேலை செய்வது தெரியவந்தது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும் அதில் இருந்தார்கள். டெய்லரின் நிறுத்துக் கடிகாரம் இந்த உடம்பை அளக்கவில்லை. பாடத்திட்டத்தில் பணிச்சூழலியல் என்று ஒரு சிறு பகுதி உண்டு. 'பரீட்சைக்கு வராது' என்று பலர் தாண்டிப்போகும் பகுதி. மரக்காணத்துக்கு மிகவும் தேவைப்படுவது அந்தப் பகுதிதான்: ஓய்வுக்கு எத்தனை நிமிடம், குடிநீர் எத்தனை அடி தூரத்தில், காலுக்கு என்ன, கண்ணுக்கு என்ன.

இடையில் ஒன்று. வேலை ஆய்வு என்றால் என்ன என்று என்னிடம் கேட்கும் மாணவருக்கு, டெய்லருக்கு முன்னால் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலைத்தான் கொடுப்பேன். 1979-இல் வந்த அந்த நாவலின் களம் தூத்துக்குடி உப்பளம். சுமை எவ்வளவு, கூலி எவ்வளவு, யார் யாரை எப்படி வேலை வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அதில் ஆள் ஆளாக, உடம்பு உடம்பாக இருக்கிறது.

சரக்கிருப்புக்கு வருவோம். ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் 1913-இல் எழுதிய சிக்கனக் கொள்முதல் அளவுச் சூத்திரம் இல்லாத வினாத்தாளை நான் பார்த்ததில்லை. ஒருமுறை கொள்முதல் செய்ய ஆகும் செலவு ஒரு பக்கம், சரக்கை வைத்துக் காக்க ஆகும் செலவு மறுபக்கம். இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறையும் அளவைச் சூத்திரம் சொல்லும். அது நிற்பது இரண்டு அனுமானங்களின் மேல். தேவை சீராக இருக்க வேண்டும். கேட்டபோது சரக்கு வர வேண்டும். உப்பில் முதல் அனுமானம் அப்படியே நிற்கிறது. எல்லா வீட்டிலும் எல்லா மாதமும் உப்பு வேண்டும். இரண்டாவது உடைந்துபோகிறது. உப்பு விளைவது ஆண்டின் வெயில் மாதங்களில் மட்டும். வடகிழக்குப் பருவமழை வந்தால் அக்டோபர் முதல் பாத்தியில் வெறும் மழைநீர்தான். ஆகவே மழைமாத விற்பனைக்கான உப்பை வெயில்மாதத்திலேயே குவித்து, கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடிவைக்க வேண்டும். புத்தகம் இதை 'எதிர்நோக்கு இருப்பு' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு ஹாரிஸுக்குப் போய்விடுகிறது. தமிழ்நாட்டு மாணவருக்கு அந்த ஒரு வரி ஒரு முழு அத்தியாயமாக வேண்டும். நெல், மாம்பழம், கருவாடு, உப்பு என நம் பொருள்களில் பாதி பருவத்தைச் சார்ந்தவை.

குவியல் விஷயத்தில் உப்பளத்துக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வெயில், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளைச்சல். அப்போது விலை இறங்குகிறது. வைத்திருந்து விற்கலாம் என்றால் மழைக்கு முன் மூடும் செலவும் கரைந்துபோகும் பயமும் இருக்கின்றன. அதற்கும் மேல் அன்றன்றைய கூலி கொடுக்கக் கையில் காசு வேண்டும். எவ்வளவை இப்போதே விற்பது, எவ்வளவை நிறுத்திவைப்பது என்பதைக் கணக்கிடப் பாடத்தில் செய்தித்தாள் விற்பவர் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. மிஞ்சினால் எவ்வளவு நட்டம், போதாமல் போனால் எவ்வளவு இழப்பு என்ற இரண்டையும் எடைபோட்டு, எத்தனை பிரதி வாங்குவது என்று முடிவு செய்யும் முறை. 'நாளைக்கு இன்னும் கெட்டியாக உறையட்டும்' என்று விடுவதா, மேகத்தைப் பார்த்து இன்றே வாரிவிடுவதா என்று பாத்தி வரப்பில் நின்று யோசிப்பவரும் அதே கணக்கைத்தான் போடுகிறார். அவரிடம் சூத்திரம் இல்லை. மாணவரிடம் மேகத்தைப் படிக்கும் கண் இல்லை.

பாதுகாப்பு இருப்பு என்ற கருத்தை மேல்நாட்டுச் சரக்காக நினைப்பவர்களுக்காகப் புறநானூற்றின் 102ஆம் பாட்டைச் சொல்ல வேண்டும். உப்பு விற்கும் உமணர், பாரம் நிறைந்த வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் என்ன பாடுபடுமோ என்று எண்ணி, வண்டிக்குக் கீழே ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார். சங்க இலக்கியத்துக்கு இந்தக் கரையும் அந்நியம் அல்ல: சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணப் பகுதிதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உதிரிபாக இருப்பைப் பற்றிப் பாடம் எடுக்க அந்தச் சேம அச்சைவிட நெருக்கமான உதாரணம் இந்தக் கடற்கரையில் கிடைக்காது.

தரக் கட்டுப்பாட்டில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நன்றாக விளக்கம் சொல்கின்றன. போமே அளவில் 25 டிகிரிக்கு முன்பே நீரை உறையும் பாத்திக்கு விட்டால் சுண்ணாம்புச் சத்தான ஜிப்சமும் உப்போடு சேர்ந்து படியும். 29, 30 டிகிரியைத் தாண்டியும் மிச்ச நீரை வெளியேற்றாமல் விட்டால் மெக்னீசிய உப்புகள் சேரும். உப்பு கசக்கும், ஈரத்தை இழுத்துக் கசியும். இந்த இரண்டு எல்லைகளும் பொருளின் தன்மை விதித்தவை. பெல் தொலைபேசிக் குழுமத்தில் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்திலும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இருக்கும். அவை வேறு வகை. உற்பத்தி தன் இயல்பில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து கணக்கிட்டவை அவை. இரண்டையும் குழப்பிக்கொள்வது மாணவர்களின் பொதுவான தவறு. ஒரு பாத்தியின் டிகிரியை முப்பது நாள் குறித்து, தாளில் புள்ளி வைத்துப் பார்த்தவர் அந்தத் தவறை மறுபடி செய்யமாட்டார்.

பராமரிப்பு, பாடத்தில் கடைசி அலகு. உப்பளத்தில் முதல் வேலை. மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்ததும் வண்டலை அள்ளி, வரப்பைச் சரிசெய்து, தரையை மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இறுகாத தரையில் நீர் இறங்கும், உப்பில் மண் ஏறும்.

கடைசியாக, புத்தகம் மெல்லிய குரலில் பேசும் ஒன்று: இடர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது, உள்நாட்டில் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அதற்கு முன் 2020-இல் நிவர், 2011-இல் தானே. இந்தக் கரையில் புயலை 'எதிர்பாராத நிகழ்வு' என்று எழுதும் திட்டம் திட்டமே அல்ல. மழைமாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது.  வேலை நிற்கும் மூன்று மாதத்தை உற்பத்தித் திட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்விக்கு 5,000 ரூபாய் முழு விடை ஆகாது. வகுப்பறை உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி அது.

வணிக மேலாண்மைத் துறை ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. ஆண்டுதோறும் ஐ.வி. (தொழிலகப் பார்வை) என்று பெங்களூருக்கோ கொடைக்கானலுக்கோ பேருந்து பிடிக்கிறீர்கள். ஒரு முறை மார்ச்சிலோ ஏப்ரலிலோ மரக்காணத்துக்கு வாருங்கள்; அளத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். மாணவர்கள் கையில் ஒரு நோட்டும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தால் போதும். விடியுமுன் வந்துவிட வேண்டும். எட்டு மணிக்குமேல் இறங்கினால் வாரி முடித்துக் கரையேறியிருப்பார்கள்.