முன்னரங்கோர ஊர்கள்: வன்னியும் மலையக மக்களும்

முன்னரங்கோர ஊர்கள் என இங்கே குறிப்பிடப்படுபவை, இலங்கை உள்நாட்டுப் போரின்போது (1983–2009) இராணுவம், விடுதலைப் புலிகள் ஆகிய இரு தரப்பினதும் மண் அணைகளுக்கும் காவலரண்களுக்கும் அருகே அகப்பட்ட வடபகுதி ஊர்கள். முகமாலை, பளை, சாவகச்சேரி, கிளிநொச்சி என்று பெயர்களை அடுக்கும்போது மலையகத்தில் தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையே ஏ7 வீதியில் கிடக்கும் லிந்துலை யாருக்கும் நினைவு வராது. இங்கே போருக்காக ஒரு பதுங்குகுழியும் வெட்டப்படவில்லை. ஆனால் இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பல குடும்பங்களுக்கு வடக்கின் பெருநிலப்பரப்பான வன்னியில் ஒரு சொந்தம் உண்டு. அந்தச் சொந்தம் அங்கே போன கதையிலிருந்துதான் இந்த வரலாறு தொடங்குகிறது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. பின்னர் 1973–74இன் பஞ்சம், தோட்டங்களை அரசு கையேற்றது, 1977 ஆகஸ்ட் வன்செயல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காணிப் பறிப்பை எதிர்த்து 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் திரண்டவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் இறந்தார். மலையில் இனி இருக்க முடியாது என்று எண்ணியவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் இறங்கினார்கள். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், வைத்தியர் இராஜசுந்தரம் ஆகியோரின் காந்தியம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியேற்ற உதவியது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

மலையகத்து 'லயம்', வெள்ளைக்காரன் காலத்து 'லைன்' அறை என்பதன் திரிபு. வன்னியில் 'லைன்' என்றால் முன்னரங்கு. ஒரு லைனை விட்டு ஓடியவர்கள் இன்னொரு லைனின் ஓரத்தில் போய்க் குடியிருந்தார்கள்.

அப்படிக் குடியேறியவர்கள்மேல் முதல் அடி மணலாற்றுப் பக்கம் விழுந்தது. கென்ட், டொலர் பண்ணைகளில் இருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. அங்கே சிங்களக் கைதிகளும் அவர்களது குடும்பங்களும் குடியமர்த்தப்பட, அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி புலிகள் தாக்கியதில் பெண்கள், பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தனர். அதன்பின் அந்த நிலம் வயலாக இருந்ததைவிட எல்லையாக இருந்ததே அதிகம்.

கிளிநொச்சியில் மலையகத்தவர் குடியேறிய பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர் போன்ற இடங்கள் பெரும்பாலும் இரணைமடுக் குளத்துப் பாய்ச்சல் எட்டாத மேட்டுக்காணிகள். பலரிடம் காணிக்குக் கடதாசியும் இல்லை. 1996இல் 'சத்ஜய' நடவடிக்கையில் இராணுவம் நகரைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் கிளிநொச்சி ஒரு நகரமாக இருக்கவில்லை, காவலரண் சூழ்ந்த முகாமாகவே இருந்தது. சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சிதறியது. 1998 செப்டம்பரில் புலிகள் நகரைத் திரும்பப் பிடித்தபோது கூரையுள்ள கட்டடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பதுங்குகுழிப் போர் என்றதும் நூல்கள் 1914–18இன் ஐரோப்பிய மேற்கு முனையைத்தான் சொல்லும். பெல்ஜியத்தின் ஈப்பர் நகரம் அப்போது தரைமட்டமானது.  நம் நாட்டில் அதற்கு ஒப்பாகச் சொல்லக்கூடியது யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சி. 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தபின் சண்டை சாவகச்சேரிக்குள் புகுந்து நகரைச் சிதைத்தது. பின்னர் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று குடாநாட்டின் கழுத்தைக் குறுக்கே அறுத்தபடி முன்னரங்கு நிலைத்தது. இரு மண் அணைகளுக்கும் நடுவே கிடந்தது சூனியப் பிரதேசம். பளைப் பக்கத்துத் தென்னைகள் தலையறுந்து நின்றன. பனைகள் காவலரண் கூரைக்குக் குற்றிகளாயின. வளர இருபது வருடம் பிடிக்கும் மரம் காவலரணுக்கு முட்டுக் கொடுக்கவே போனது.

நிலைத்து நின்ற கோடு ஊரை வெறுமையாக்கியது. நகர்ந்த கோடோ ஊரையே இழுத்துக்கொண்டு போனது. இரண்டில் கொடியது பின்னதுதான். 2008இல் இராணுவம் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நெருங்க, புலிகள் கிளிநொச்சியைச் சுற்றி நீண்ட மண் அணையும் அகழியும் எழுப்பினர். 2009 ஜனவரி 2ஆம் திகதி நகரம் வீழ்ந்தது. அதற்கு முன்பே சனம் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று கிழக்கே நகர்ந்திருந்தது. போய் இறங்கிய இடத்தில் அடுப்பு மூட்டுவதற்கு முன் பங்கர் வெட்ட வேண்டும்.

குடும்பப் பங்கர் ஓர் ஆள் குந்தி இருக்கும் ஆழம். நேராக வெட்டுவதில்லை. வாசலில் செல் விழுந்தால் சன்னம் உள்ளே நேராகப் பாயாதபடி 'எல்' எழுத்தைப் போல் மடக்குவார்கள். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. வன்னிக்குச் சீமெந்து போவதில் நெடுங்காலம் தடை இருந்ததால் மண்ணும் மரமுமே கட்டுமானப் பொருள். மாரியில் குழிக்குள் தண்ணீர் ஊறும், பாம்பு இறங்கும். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டிப் பழகிய கைக்கு மம்பட்டி புதிதல்ல. ஆனால் கானில் மண் நின்று கொடுக்கும். இறுதிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலோ வெட்ட வெட்டச் சரிந்தது. அங்கே பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து, மணல் நிரப்பிச் சுவருக்கு அடுக்கினார்கள். கூறைச் சேலையும் அதில் போனது.

மலையிலிருந்த சொந்தங்களுக்கு இதெல்லாம் அரைகுறைச் செய்தியாகவே எட்டியது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து வன்னியூடான ஏ9 பாதை திறந்த பிறகு, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பையை அவிழ்த்துக் காட்டி, மறுபடி ஏறிப் போய்ப் பார்த்துவர முடிந்தது. 2006 ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை வெடித்ததும் அந்தப் பாதை மூடப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்து, செட்டிக்குளத்து மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் அடைபட்டவர்களின் பெயர்களைத் தேடும் காலம் வந்தது. அந்த முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில்தான்.

மீள்குடியேற்றத்தில் பழைய குறை மறுபடி தலைகாட்டியது. வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் பதியக் காணிக் கடதாசி கேட்டார்கள். முப்பது வருடம் குடியிருந்தும் அது கையில் இல்லாத மலையகக் குடும்பங்கள் வரிசையில் பின்னுக்குப் போயின. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் 46,000 வடக்கு கிழக்குக்கு, 4,000 மலையகத் தோட்டங்களுக்கு. வன்னியில் கடதாசி இல்லாதவருக்கும், மலையில் லயத்தில் இருப்பவருக்கும் தடை ஒன்றுதான்: வீடு கட்டக் காணி தன் பெயரில் இல்லை.

முகமாலை முன்னரங்கில் இரு தரப்பும் நெருக்கமாகப் புதைத்த மிதிவெடிகளால், போர் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தும் அங்கே கால் வைக்க முடியவில்லை. இராணுவம் புதைத்தவற்றுள் பாகிஸ்தான் தயாரிப்பான பி4 உண்டு. புலிகள் புதைத்தது பெரும்பாலும் அவர்களே செய்த, 'ஜொனி' எனச் சனம் அறிந்த வெடி. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி கண்ணிகளை அகற்றி முடிக்க 2028 ஜூன் வரை காலம். ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளில் இந்த வேலை செய்பவர்களில் பெண்கள் நிறையப் பேர்; போரில் வீட்டுத் தலைவனை இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. கவச அங்கியும் முகமூடியும் அணிந்து, குறுகிய பாத்திக்குள், நீண்ட கைபிடி கொண்ட வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாகத் தம் பக்கம் வறுகி இழுக்கிறார்கள். முழு நாளும் வேலை செய்தாலும் ஒருவர் முன்னேறுவது சில அடி.